ஒன்பதாவது வளைவில் ஒரு சொட்டு

கோயம்புத்தூர் உக்கடம் நெரிசலில் நின்றபோதுதான் வெப்பமானியின் முள்ளை முதலில் பார்த்தேன். நடுவில் நின்றது. காலை எட்டு மணி. நான்கு பக்கமும் பேருந்துகள் அடைத்து நிற்க, எங்கள் அம்பாசடர் ஏழெட்டு நிமிடமாக நகராமல் உறுமிக்கொண்டிருந்தது. பழைய வண்டி இப்படி நிற்கும்போது சூடு ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். காற்றாடியையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். முள் ஏறவில்லை. மனசு லேசானது. அந்த நிம்மதி கிணத்துக்கடவு வரைதான் கூட வந்தது.

நாற்கரச் சாலையில் எண்பதைத் தொட்டதும் முள் நடுவை விட்டு ஒரு விரல்கடை மேலே போனது. அறுபதுக்குக் குறைத்தேன், இறங்கியது. மறுபடி எண்பது, மறுபடி ஏற்றம். வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கத் தொடங்கவில்லை. சாலையும் சமதளம். பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் நாலு தடவை இதையே செய்து பார்த்துவிட்டேன். நாலு தடவையும் ஒரே பதில்.

வண்டி அப்பா வாங்கியது. 1986 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் என்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் வரை செய்த வண்டி இது. என்ஜினில் கணினி கிடையாது, எச்சரிக்கும் திரையும் கிடையாது. ஒரு முள், ஒரு சார்ஜ் விளக்கு, ஓர் ஆயில் விளக்கு. மீதியைக் கையும் காதும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு இதை விற்கச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு இந்த வண்டியோடு பேச முடிகிறது. அதனால் வைத்திருக்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்பு. அவருடைய மகள் வால்பாறையில் பள்ளி ஆசிரியை. அவளுக்காக ஒரு சிப்பம் புழுங்கலரிசி, நாற்பது தேங்காய், நல்லெண்ணெய் டின், இரண்டு வாழைத்தார் எல்லாம் டிக்கியில் ஏறின. பின்பக்கம் ஒரு சாண் அமுங்கியது. வண்டி நின்றிருந்த இடத்தைக் காட்டி மாமா, “மாப்பிள்ளை, கீழ ஈரமா இருக்குதுங்களே” என்றார். காற்றாடிக்கு நேர் கீழே மண்ணில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, வெறும் தண்ணீர். “வழில பாத்துக்கலாமுங்க மாமா” என்று சொல்லிப் பத்து லிட்டர் கேனில் தோட்டத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, மாமாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அங்கேயே பார்த்திருக்க வேண்டும்.

வண்டி சூடாகிறது என்று போய் நின்றால் நல்ல மெக்கானிக் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். “எப்பங்க சூடாகுது?” என்றுதான் கேட்பார். அந்த ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்துவிடும். நின்றால் சூடாகி, ஓடினால் தணிகிறதா, அது காற்றுக் குறை. நின்றால் சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகிறதா, அது தண்ணீர் ஓட்டத்தின் குறை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், பம்பு தள்ளாமல் இருக்கலாம், கீழ் ஹோஸ் நைந்து உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். காலையில் கிளப்பிய ஐந்தாவது நிமிடமே கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம், இல்லை ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். முள் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறது. எங்கள் வண்டி உக்கடத்திலும் கிணத்துக்கடவிலும் தன் நோயை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. காற்று போதும், ஓட்டம் போதாது.

ஆழியாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலை தொடங்கிவிடும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. குரங்கு அருவிப் பக்கம் இரண்டாவது கியருக்கு இறங்கினேன். மூன்றாவது வளைவில் முள் முக்கால். ஆறாவதில் சிவப்புக் கோட்டைத் தொட இரண்டு நூல் பாக்கி. மாமா பேச்சை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். எட்டாவது வளைவு திரும்பும்போது அந்த வாசனை வந்தது. சூடான இரும்பில் தண்ணீர் பட்டுக் காயும், இட்லிப் பானையை நினைவூட்டும் ஈர வாசனை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஓரங்கட்டினேன்.

என்ஜினை உடனே அணைக்கவில்லை. ஆவி பீறிட்டு அடித்தாலோ, தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டாலோ அந்த நொடியே அணைக்க வேண்டும். அப்படி இல்லாமல் சூடு மட்டும் ஏறியிருந்தால், நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி இரண்டு நிமிடம் ஓட விடுவது நல்லது. அணைத்த மாத்திரத்தில் பம்பும் காற்றாடியும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு முழுவதும் ஓடாத தண்ணீருக்குள் இறங்கி அதைக் கொதிக்க வைக்கும். ஓட விட்டேன். முள் ஒரு நூல் இறங்கியது. பிறகு அணைத்துப் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.

நாற்பது நிமிடம். அந்தக் காத்திருப்பை யாராலும் குறைக்க முடியாது. அவசரப்பட்டு மூடியைத் திறந்து முகமும் கழுத்தும் வெந்தவர்களை எனக்குத் தெரியும். மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே ஒரு சுருள்வில் உண்டு. எங்கள் வண்டி மூடியில் 7 என்று பொறித்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும். ஒவ்வொரு பவுண்டுக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். ஆக, மூடி சரியாக இருந்தால் உள்ளே சுமார் 110 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. மூடியைத் திறந்த கணம் அந்த அழுத்தம் போய்விடும். நூறைத் தாண்டியிருக்கும் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆவியாகப் பார்க்கும். மலையில் இது இன்னும் கடுமை. உயரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். வால்பாறை ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியை எட்டுவதற்குள் கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோன பழைய வண்டிகள் கீழே சாதுவாக ஓடிவிட்டு மலையில் மட்டும் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் வெயிலில் தகடு போலக் கிடந்தது. அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளி, தென்னைகள் பச்சைப் பூஞ்சை மாதிரி. எதிர்ப்பாறையில் இரண்டு வரையாடுகள் செங்குத்தில் நின்று எதையோ கடித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவென்றே இந்த வளைவில் நிற்பவர்கள் உண்டு. மாமா அவற்றைப் பார்க்கவில்லை. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கார் மெக்கானிக் இல்லை. ஐம்பது வருடமாகக் கிணற்று மோட்டாரோடு வாழ்பவர். கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்பு செய்யாத தெரு குறைவு. அதைக் கழற்றிப் பூட்டத் தெரியாத விவசாயியும் குறைவு. காரின் வாட்டர் பம்பும் தோட்டத்து மோனோபிளாக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒரு தண்டு, அதன் முனையில் இறக்கைகள் உள்ள இம்பெல்லர், தண்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் சீல், தண்டைத் தாங்கும் பேரிங். தோட்டத்தில் மின்சாரம் சுற்றுகிறது. காரில் என்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. காரின் பம்பைப் பட்டறைக்காரர்கள் வாட்டர் பாடி என்பார்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய தண்ணீரை உறிஞ்சி என்ஜினுக்குள் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, ஹெட்டைக் கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் தலையில் விழும். மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றாடிக் காற்றில் ஆறும். எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தத் தண்ணீர்தான் சுமந்துபோய்க் கொட்டுகிறது. ஓட்டம் குறைந்தால் சுமை அப்படியே என்ஜினில் தங்கும்.

ஆறிய பிறகு மூடிமேல் ஈரத்துணியைப் போட்டு முதல் பிடி வரை திருகினேன். உஸ் என்று சத்தம் அடங்கக் காத்திருந்து முழுக்கத் திறந்தேன். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. என்ஜினைக் கிளப்பி ஓட விட்டுக்கொண்டு கேனிலிருந்து மெல்ல ஊற்றினேன். அணைந்த சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தது.

“மூடாதீங்க” என்றார் மாமா. கழுத்துக்குள் எட்டிப் பார்த்தார். “ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அமுத்துங்க மாப்பிள்ளை.” அமுத்தினேன். “இன்னுங் கொஞ்சம்.” இறங்கி வந்து நானும் பார்த்தேன். தண்ணீர் சூடாகிவிட்டது, மேல் ஹோஸ் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, அப்படியென்றால் உள்ளே வாய்க்கால் போலத் தண்ணீர் ஓடிவந்து விழுவது தெரிய வேண்டும். தெரிந்ததோ மெல்லிய சலசலப்புத்தான். “மோட்டார் ஓடுது, தொட்டிக்குத் தண்ணி ஏறல. எங்க தோட்டத்துல வருசா வருசம் நடக்கறதுதானுங்க இது” என்றார்.

குமிழி வருகிறதா என்று இன்னும் ஐந்து நிமிடம் அதே கழுத்தைப் பார்த்தோம். இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் புகுந்து விடாமல் குமிழி விடும். வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறிவிடும். எங்களுடையது கறுப்பாகவே இருந்தது. பெரிய செலவு இல்லை என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

என்ஜினை அணைத்துவிட்டுக் காற்றாடி இறக்கையின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். காற்றாடி வாட்டர் பாடியின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஆடக் கூடாது. ஆடியது, கடகடவென்று. பேரிங் தேய்ந்து தண்டு ஆடும்போது சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிடிக்காது. பாடியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பலர் அதைப் பழுது என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது. சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டவும், சொட்டி உங்களுக்குச் சேதி சொல்லவும்தான் அது. டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையிலிருந்து கீழே வெள்ளையும் துருவுமாகக் காய்ந்த ஒரு கோடு, முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு. மாமா தோப்பில் மண்ணை நனைத்தது இந்தச் சொட்டுத்தான்.

பெல்ட்டையும் பார்த்தேன். கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கியது, சரியான இறுக்கம். பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜ் விளக்கும் சேர்ந்தே எரிந்திருக்கும், டைனமோவையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது.

மேலே முப்பத்தொரு வளைவு. கீழே ஒன்பது. மாமா மகளிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பினோம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விட்டேன். வண்டியின் எடை என்ஜினைச் சுற்ற வைக்கிறது. பம்பும் காற்றாடியும் வேகமாகச் சுற்றுகின்றன, பெட்ரோல் எரிவதோ மிகக் குறைவு. இதைவிட நல்ல ஆற்றுதல் கிடையாது. மூடியை முதல் பிடியில் தளர்த்தியே வைத்திருந்தேன். உள்ளே அழுத்தம் சேராவிட்டால் கசிவும் குறையும். இறக்கத்துக்கு மட்டும் பொருந்தும் உபாயம் இது, ஏற்றத்தில் செய்தால் கொதித்துவிடும். முள்ளை மட்டும் நம்பாமல் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன். தண்ணீர் மிகவும் குறைந்துபோனால் வெப்பமானியின் குமிழ் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். அப்போது என்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் ஆறிவிட்டதாகக் காட்டும். பல என்ஜின்கள் அந்தப் பொய்யை நம்பித்தான் சீஸ் ஆகியிருக்கின்றன.

பொள்ளாச்சியில் பழைய வண்டிகளை மட்டுமே தொடும் ஒரு பட்டறை. அறுபது தாண்டிய அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். நாங்கள் பார்த்ததையெல்லாம் சொன்னோம். பதில் சொல்லாமல் அவரும் காற்றாடியை ஆட்டிப் பார்த்தார். பிறகு பையனிடம், “தண்ணிய எறக்குடா” என்றார். ரேடியேட்டரின் அடியிலிருந்து வந்த தண்ணீர் செங்காவி நிறம். என்ஜின் பிளாக்கின் பின்பக்கம் இன்னொரு வடிகுழாய் உண்டு. அதைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். சேறு, சேறாக, சாணிப்பால் பதத்தில் வந்தது.

“என்ன தண்ணிங்க ஊத்தறீங்க?”

வீட்டு போர்த் தண்ணீர். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் ஊரில் இருந்துகொண்டு, தொட்டிக்கு அருகே வண்டி நிற்கிறது என்ற வசதிக்காக உப்புத் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறேன். கெண்டியின் அடியில் படியும் அதே வெள்ளைப் பக்கு ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் படியும். ஒரு காகித கனம் படிந்தாலே போதும், வெப்பம் வெளியேறாது.

வாட்டர் பாடி கையில் வந்ததும் மாமாதான் முதலில் வாங்கிப் பார்த்தார். இம்பெல்லரின் இறக்கைகள் எலி கடித்த மாதிரி ஓரம் தின்று, பாதி உயரத்துக்குக் குறைந்திருந்தன. மூன்று வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் இதைப் பழுது பார்த்திருந்தோம். சீல் மட்டும் புதிது போட்டுத் தேய்ந்த இம்பெல்லரையே திரும்ப அடித்து ஏற்றியிருக்கிறார்கள். அதிலும் பட்டறை அண்ணன் ஒன்றைக் காட்டினார். இறக்கைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். இதில் தீக்குச்சியே நுழைந்தது. இடைவெளி கூடினால் தண்ணீர் தள்ளப்படாமல் அங்கேயே சுழலும். மெல்லச் சுற்றும்போது தெரியாது. ஏற்றத்தில் என்ஜின் நிறைய கேட்கும்போது கை விரிக்கும். உக்கடத்தில் முள் ஏறாததற்கும் மலையில் ஏறியதற்கும் விடை அந்தத் தீக்குச்சியில் இருந்தது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. தெர்மோஸ்டாட்டே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிவது வெகுகாலப் பழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் என்ஜினைச் சூடாக்குவதற்காக வைத்தது அல்ல. சரியான சூட்டுக்குச் சீக்கிரம் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வைத்தது. அது இல்லாவிட்டால் குளிரில் என்ஜின் வெகுநேரம் ஆறியே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். வால்பாறை மாதிரி ஊரில் காலையில் இதை நன்றாகவே உணரலாம். சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும், அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. கடையிலிருந்து 82 டிகிரி என்று பொறித்த ஒன்றை வாங்கிவந்து, பட்டறை அடுப்பில் டீச்சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீரில் சிறு குமிழிகள் எழும் நேரத்தில் வால்வு கண் திறப்பது போல மெல்லத் திறந்தது. சட்டியை இறக்கியதும் மூடியது. ஐந்து நிமிடச் சோதனை. புதிதாக வாங்கியதையும் சோதிக்காமல் பூட்டக் கூடாது என்றார் அண்ணன்.

புது வாட்டர் பாடியில் கனமான வார்ப்பு இம்பெல்லர் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். கீழ் ஹோஸ் பிசைந்தால் ரொட்டி போல அமுங்கியது, அதையும் மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக வைத்து, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகப் பீய்ச்சி, வெளுத்த தண்ணீர் வரும் வரை கழுவினான் பையன். கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும். ஆனால் அது நஞ்சு, இனிக்கும் நஞ்சு. நாயோ மானோ நக்கினால் செத்துவிடும். காட்டுச் சாலையில் அதை வடிய விடுவது பாவம்.

ஊற்றிய பிறகும் வேலை முடியவில்லை. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, மூடியைத் திறந்தே வைத்து ஓட விட்டார். மேல் ஹோஸைப் பால் கறப்பது போல மாமா அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். களக், களக் என்று காற்று வெளியேற மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினோம். மேல் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்தது. பிறகு திடீரென்று சூடானது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மதகு திறந்த வாய்க்கால்.

மூன்றரைக்கு மறுபடி ஆழியாறு. அதே சுமை, வெயில் மட்டும் காலையைவிடக் கடுமை. மூன்றாவது கியரில் முக்க விடாமல் இரண்டிலேயே வைத்தேன். என்ஜின் சுற்றினால்தான் பம்பும் சுற்றும். ஒன்பதாவது வளைவில் முள் நடுவில். நிறுத்தாமலே போனோம். வரையாடுகள் அந்தப் பாறையில் இல்லை. அட்டகட்டியில் டீ. கவர்க்கல்லில் மூடுபனி இறங்கி முன்விளக்கைப் போட வைத்தது. நாற்பதாவது பலகையை மாமாதான் வாய்விட்டு எண்ணினார்.

இரவு, மகள் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது மாமா பழைய செய்தித்தாள் இரண்டைக் கேட்டு வாங்கினார். குனிந்து, என்ஜினுக்கு நேர் கீழே அவற்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். காலையில் ஆறு மணிக்கு நான் எழுந்து வந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே குந்தி உட்கார்ந்திருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளின் விளிம்பெல்லாம் பனியில் ஊறிக் கறுத்திருந்தது. நடுவில், வாட்டர் பாடிக்கு நேர் கீழே, எழுத்துகள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன.